விக்கிப்பீடியாவில் புதிய பயனர்களை வரவேற்பதும் கட்டுரைகளின் தரத்தைக் காப்பதும்

கேள்வி இதுதான்: யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்று அறிவித்துக்கொண்ட ஒரு கலைக்களஞ்சியம், புதிதாக வருவோரை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும், அவர்களுடைய எழுத்தால் கட்டுரைகளின் தரம் கெடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும், இவை இரண்டும் ஒருசேர நடக்கக்கூடியவைதானா? விக்கிப்பீடியாவில் நெடுங்காலமாக எழுதியும் அண்மைய மாற்றங்களைக் கண்காணித்தும் வருபவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்கக்கூடியவைதான். ஆனால் அதற்கு ஒரு தொகுப்பைப் பற்றிய, அதாவது கட்டுரையில் ஒருவர் செய்த மாற்றத்தைப் பற்றிய, முடிவையும் அதைச் செய்தவரைப் பற்றிய முடிவையும் தனித்தனியாக எடுக்கப் பழக வேண்டும். எழுதப்பட்டதில் எவ்வளவு கண்டிப்பாகவும் இருக்கலாம். எழுதியவரிடம் அந்தக் கண்டிப்பு போய்ச் சேரும் விதம்தான் வேறாக இருக்க வேண்டும். பெரும்பாலான சிக்கல்கள், இவ்விரண்டு முடிவுகளும் ஒரே சொடுக்கில் எடுக்கப்படுவதால் வருகின்றன.

விக்கிப்பீடியா பிறந்ததே இந்தக் கேள்வியை ஒட்டித்தான். ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 2000ஆம் ஆண்டில் நியூப்பீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தை நடத்தினர். வல்லுநர்கள் எழுதுவார்கள், ஏழு கட்டச் சரிபார்ப்பு நடக்கும், அதன் பின்னரே கட்டுரை வெளியாகும் என்பது அதன் ஏற்பாடு. முதல் ஆண்டில் தேறியவை இருபது கட்டுரைகளை ஒட்டித்தான். 2001 சனவரி 15 அன்று அதற்குத் துணைத்திட்டமாகத் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியாவோ ஓராண்டுக்குள் ஏறத்தாழ 18,000 கட்டுரைகளை எட்டியது. இதிலிருந்து சரிபார்ப்பே தேவையில்லை என்று பொருள் கொள்பவர்கள் உண்டு; அது தவறு. சரிபார்ப்பு கைவிடப்படவில்லை, வெளியீட்டுக்கு முன் இருந்தது வெளியீட்டுக்குப் பின் நகர்த்தப்பட்டது, அவ்வளவே. அப்படி நகர்த்தியதும் சரிபார்ப்பவர் எதிர்கொள்வது கையெழுத்துப் படியை அன்று. ஏற்கெனவே வெளியாகிவிட்ட ஒன்றையும், அதை வெளியிட்ட மகிழ்ச்சியில் திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஒருவரையும்.

முதல் சில ஆண்டுகளில் இந்த ஏற்பாடு பெரிய உரசலின்றி நடந்தது. பிறகு அடி விழுந்தது. அமெரிக்க இதழாளர் ஜான் சீகன்தாலரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் படுகொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகக் கருதப்பட்டது என்ற பொய்யை 2005 மே மாதத்தில் ஒருவர் எழுதிவைத்தார். நான்கு மாதங்களுக்கும் மேலாக அது யாராலும் நீக்கப்படாமல் கிடந்தது. செய்தி வெளியே வந்ததும், அவ்வாண்டு திசம்பரில், பயனர் கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதிய கட்டுரை தொடங்கும் வசதி நிறுத்தப்பட்டது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கண்காணிப்புக் கருவிகள் பெருகின. விசமத் தொகுப்புகளை வரிசையாகத் திரையில் காட்டி, ஒரு விசையை அழுத்தியதும் மாற்றத்தை முன்னிலையாக்கி (அதாவது கட்டுரையை முந்தைய வடிவத்துக்கே திருப்பி), எச்சரிக்கை வார்ப்புருவையும் (ஆயத்தமாக எழுதிவைத்த செய்தி) பயனரின் பேச்சுப் பக்கத்தில் (அவரோடு உரையாடுவதற்கான பக்கம்) தானாகவே இடும் ஹகில் போன்ற கருவிகள் வந்தன. 2010இல் குளூபாட் என்ஜி என்ற தானியங்கி வந்து, பச்சையான வசைச்சொற்களையும் பக்க அழிப்புகளையும் நொடிகளில் நீக்கத் தொடங்கியது. விசமிகளுக்கு எதிராக இவை மிகச் சிறந்த கருவிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இதே காலத்தில் மற்றொன்றும் நடந்தது. மாதத்துக்கு ஐந்து தொகுப்புகளாவது செய்யும் பயனர்களின் எண்ணிக்கை ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007இல் 50,000-ஐத் தாண்டி உச்சம் தொட்டு, பின்னர் ஆண்டுதோறும் இறங்கியது. ஆரன் ஹால்ஃபேக்கரும் அவருடைய ஆய்வுத் துணைவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைத் தேடியது. வருவோரின் தரம் தாழ்ந்துவிடவில்லை. நல்லெண்ணத்தோடு வந்தவர்களின் தொடக்கத் தொகுப்புகளே முன்பைவிடக் கூடுதலாக நீக்கப்பட்டன, அதுவும் பெரும்பாலும் கருவிகளின் வழியாக, ஒரு சொல் பேசாமல். அப்படித் தொகுப்பு நீக்கப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. தொடக்ககாலப் பயனர்கள் வகுத்த கொள்கைகள் இறுகிப்போய், பின்னால் வந்தவர்களால் அவற்றை மாற்ற இயலாமல் போனதையும் அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது.

விசமியைத் துரத்தச் செய்த கருவி, தெரியாமல் தவறு செய்தவரையும் அதே வேகத்தில் துரத்தியது என்பதே இதன் சாரம். இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். ஏரி ஒன்றைப் பற்றிய குறுங்கட்டுரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று காலையில் கணக்குத் தொடங்கிய ஒருவர் அதன் இறுதியில் இப்படிச் சேர்க்கிறார்: ‘இந்த ஏரி மிகவும் அழகானது. அனைவரும் வாழ்வில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். 2015ல் இதன் மதகு புதுப்பிக்கப்பட்டது. அதனால் இப்போது மூன்று ஊர்களுக்குப் பாசனம் கிடைக்கிறது.’ சான்று எதுவும் இல்லை. கண்காணிப்பவர் முதல் இரண்டு வாக்கியங்களைப் படித்ததுமே இது கலைக்களஞ்சிய நடையன்று என்று முடிவுகட்டி, நான்கையும் ஒருசேர முன்னிலையாக்கிவிடுவது இயல்பு. நாள்தோறும் பலமுறை நடப்பதும் அதுதான். மாற்றத்தோடு எழுதப்படும் தொகுப்புச் சுருக்கத்தில் விளக்கம் இருக்காது. பேச்சுப் பக்கத்தில் நடுநிலை நோக்கு, மெய்யறிதன்மை (சான்றைக் கொண்டு சரிபார்க்க முடிதல்), விளம்பர நோக்கு என்று மூன்று கொள்கைப் பக்கங்களுக்கு இணைப்புத் தரும் எச்சரிக்கை ஒன்று இருக்கும். இப்போது புதியவரின் இடத்திலிருந்து பாருங்கள். அவருக்குத் தெரிந்த ஒரு நல்ல செய்தி, அந்தக் கட்டுரையில் வேறு எவரும் எழுதியிராத செய்தி, மூன்றாவது வாக்கியத்தில் இருக்கிறது. அவருடைய நான்கு வாக்கியங்களில் எது பிழை, எது சரி என்பது அவருக்குச் சொல்லப்படவே இல்லை. நான்கும் பிழை என்றுதான் அவர் புரிந்துகொள்வார், அல்லது இங்குள்ளவர்களுக்கு வெளியார் எழுதுவது பிடிக்கவில்லை என்று புரிந்துகொள்வார். இரண்டில் எதுவானாலும் கணக்கு அன்றே கைவிடப்படும்.

இதே தொகுப்பை வேறு விதமாகவும் கையாளலாம். முதல் இரண்டு வாக்கியங்களை நீக்குங்கள். அவை கட்டுரையில் இருக்கத்தக்கவை அல்ல, அதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. மதகு பற்றிய இரண்டு வாக்கியங்களையும் சற்றுச் செப்பனிட்டு, ‘சான்று தேவை’ என்ற வார்ப்புருவை இட்டு அங்கேயே விடுங்கள். பின்னர் அவருடைய பேச்சுப் பக்கத்தில், வார்ப்புருவாக இல்லாமல், கையால் எழுதுங்கள்: ‘வணக்கம். மதகு புதுப்பிக்கப்பட்ட செய்தியைச் சேர்த்ததற்கு நன்றி. கட்டுரையில் இந்தத் தகவல் இதுவரை இல்லை. அழகு குறித்த வரிகளை மட்டும் எடுத்துள்ளேன், ஏனெனில் இங்கு எழுதுபவரின் கருத்தைச் சேர்ப்பதில்லை. மதகுப் பணி பற்றி நாளிதழிலோ அரசு அறிக்கையிலோ வந்திருந்தால் அதன் தலைப்பையும் நாளையும் இங்கே தாருங்கள், சான்றாக இணைப்பது எப்படி என்று நான் காட்டுகிறேன்.’ இதற்கு மூன்று நிமிடங்கள் ஆகலாம். எது நின்றது, எது போனது, ஏன் போனது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. கட்டுரையின் தரம் துளியும் குறையவில்லை. சொல்லப்போனால் முன்னிலையாக்கியிருந்தால் இழந்திருக்கக்கூடிய ஒரு தகவல் மிஞ்சியிருக்கிறது. நல்வரவு வார்ப்புருவை எல்லோருடைய பக்கத்திலும் தானியங்கி மூலம் இடுவதை நான் எதிர்க்கவில்லை, ஆனால் அதை வரவேற்பு என்று எண்ணிக்கொள்வதை எதிர்க்கிறேன். தான் எழுதிய வாக்கியத்தை யாரோ ஒருவர் உண்மையாகவே படித்தார் என்று தெரிவதுதான் புதியவருக்குக் கிடைக்கும் வரவேற்பு.

எல்லாத் தொகுப்புக்கும் மூன்று நிமிடங்கள் செலவிட முடியாது என்ற மறுப்பு நியாயமானது. எந்த விக்கியிலும் உண்மையில் அரிதாக இருப்பது அனுபவமுள்ளவர்களின் நேரமே. ஆகவே அந்த நேரத்தைச் சமமாகப் பகிர்ந்தளிக்க வேண்டியதில்லை என்பேன். பள்ளிப் பெயரைக் கட்டுரையின் நடுவே எழுதி விளையாடுபவருக்கு வார்ப்புருவே போதும். தகவல் எதையேனும் சேர்த்தவர், எவ்வளவு கோணலாக ஆனாலும் ஒரு சான்றை இணைக்க முயன்றவர், கேட்ட கேள்விக்குப் பேச்சுப் பக்கத்தில் பதில் எழுதியவர், நீக்கப்பட்ட பின்னும் மறுநாள் வேறொரு கட்டுரையில் எழுத்துப் பிழை திருத்த வந்தவர் ஆகியோரிடம் நேரத்தைச் செலவிடுங்கள். இவர்களைப் பிரித்தறிவதற்கு இப்போது கருவிகளும் உதவுகின்றன. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2015இல் அறிமுகப்படுத்திய ஓரெசு என்ற மதிப்பீட்டு முறையில் எனக்கு மிகவும் பிடித்த கூறு, அது ஒவ்வொரு தொகுப்புக்கும் இரண்டு தனித்தனி மதிப்பீடுகளைத் தந்தது என்பதுதான்: இது கட்டுரைக்குக் கேடு விளைவிக்கிறதா என்பது ஒன்று, இது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதா என்பது மற்றொன்று. கேடானது, ஆனால் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது என்று தேறும் தொகுப்புகளை மட்டும் அண்மைய மாற்றங்களில் வடிகட்டிப் பார்க்க முடிந்தது. புதியவர்களுக்கு வழிகாட்ட விரும்புபவர் தேட வேண்டிய இடம் சரியாக அதுவே.

தரம் என்ற பேச்சே புதியவர்களுக்கு எதிரானது என்ற எண்ணமும் சில இடங்களில் நிலவுகிறது. குறிப்பாகச் சிறிய விக்கிகளில், ஆட்களே குறைவு, வந்தவரையும் விரட்ட வேண்டாம் என்று எல்லாவற்றையும் அனுமதித்துவிடுகிறார்கள். இதன் விளைவுக்கு, இசுக்காட்லாந்தில் பேசப்படும் இசுக்காட்டு மொழியின் விக்கிப்பீடியா பெரிய பாடம். அம்மொழியை அறியாத ஓர் அமெரிக்கச் சிறுவர், நல்லெண்ணத்தோடுதான், ஆங்கிலச் சொற்களை அகராதி பார்த்து மாற்றி மாற்றிப் பல ஆண்டுகள் பல்லாயிரம் தொகுப்புகளைச் செய்து, அங்கே நிர்வாகியாகவும் இருந்தார். 2020 ஆகத்து மாதத்தில் இது அம்பலமானபோது அந்த விக்கியின் பெயர் உலகெங்கும் கெட்டது. அந்த இளைஞரும் இணையத்தில் கடுமையாகத் தாக்கப்பட்டார். அவருடைய முதல் பத்துக் கட்டுரைகளின்போதே ஒருவர் அன்போடும் உறுதியோடும் ‘இது இசுக்காட்டு மொழியன்று, நிறுத்துங்கள்’ என்று சொல்லியிருந்தால் இரு தரப்புமே தப்பியிருக்கும். பிழையைச் சுட்டாமல் விடுவதைப் பெருந்தன்மை என்று நினைக்கக் கூடாது. பின்னால் ஒருநாள் அத்தனையும் சேர்ந்து அவர் தலையில்தான் விழும்.

எங்கே துளியும் இணங்கக் கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பதிப்புரிமை மீறல் முதலாவது. விக்கிப்பீடியாவில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்சு) உரிமத்தில் வெளியாகிறது; எவரும் எடுத்து, வணிக நோக்கிலும் பயன்படுத்தலாம். பிறருடைய நூலிலிருந்தோ இணையத்தளத்திலிருந்தோ எடுத்து ஒட்டுபவர், தனக்கு உரிமையில்லாத ஒன்றை உலகுக்கு வழங்கிவிடுகிறார். அதனால் ‘பிறகு திருத்திக்கொள்ளலாம்’ என்பது இங்கே செல்லாது. 2011இல் புனேயில் கல்லூரி மாணவர்களைக் கொண்டு நடத்தப்பட்ட விக்கிமீடியா கல்வித் திட்டத்தில் இது பெரிய அளவில் நடந்தது. நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் வந்தார்கள், அவர்களில் பலர் பாடநூல்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் அப்படியே படியெடுத்தார்கள், துப்புரவு செய்த தன்னார்வலர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை, திட்டம் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. அந்த மாணவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. படியெடுப்பது தவறு என்று சொல்லித்தரப்படாத பழக்கத்தை அவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள். ஒரு வழிகாட்டியால் எத்தனை பேரின் எழுத்தைப் படிக்க முடியும் என்று கணக்கிடாமல் ஆட்களைத் திரட்டியதுதான் தவறு. வாழும் மனிதர்களைப் பற்றிச் சான்றின்றி எழுதப்படும் அவதூறும் இதே வகை. சான்று தேவை என்று குறியிட்டு வைத்திருக்கும் வேலை அங்கே கூடாது. உடனே நீக்க வேண்டும், பிறகு பேசலாம்.

நிறுவனத்துக்காகக் காசு பெற்று எழுதுபவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளின்படி, ஊதியம் பெற்றுத் தொகுப்பவர் அதைத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிப்பவரிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள், மாற்றங்களைப் பேச்சுப் பக்கத்தில் முன்மொழியச் சொல்லுங்கள். மறைப்பவரிடம் புதியவருக்கான பொறுமையைச் செலவிட வேண்டிய கடமை இல்லை.

தனிமனிதரின் நடத்தையை மட்டும் நம்பாமல் அமைப்பிலேயே மாற்றம் செய்தவர்களும் உண்டு. செருமன் விக்கிப்பீடியா 2008 மே முதல், புதியவரின் மாற்றத்தை அனுபவமுள்ள ஒருவர் பார்த்து ஒப்பிய பின்னரே பொது வாசகருக்குக் காட்டுகிறது. விசமம் வாசகர் கண்ணில் படுவதில்லை என்பது அதன் பயன். தன் மாற்றம் எப்போது தெரியும் என்று புதியவர் காத்திருக்க வேண்டியிருப்பது அதன் விலை. சேமித்த உடனே தன் வரியைக் கட்டுரையில் காணும் இன்பத்தால்தான் நம்மில் பலர் இங்கே தங்கினோம் என்பதை மறந்துவிடலாகாது. ஆங்கில விக்கிப்பீடியாவோ மற்றொரு வழியை எடுத்தது. கணக்குத் தொடங்கி நான்கு நாள்களும் பத்துத் தொகுப்புகளும் ஆகாதவர்கள் நேரடியாகக் கட்டுரை தொடங்கக் கூடாது, வரைவாக எழுதிச் சரிபார்ப்புக்கு அனுப்ப வேண்டும் என்ற முன்மொழிவு 2011இலேயே எழுந்தது. அப்போது அறக்கட்டளை அதற்கு இசையவில்லை. 2017 செப்டம்பரில் ஆறு மாதச் சோதனையாக நடத்திப் பார்த்து, 2018இல் நிலையாக்கினார்கள். இந்தக் கட்டுப்பாட்டை நான் ஆதரிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. முதல் நாளிலேயே முழுக் கட்டுரை எழுதுவது புதியவருக்கு உள்ளவற்றில் மிகக் கடினமான வேலை. குறிப்பிடத்தக்கமை (தனிக் கட்டுரைக்குத் தகுந்த தலைப்பா என்பது), சான்று, நடை, வடிவமைப்பு என எல்லாவற்றிலும் ஒருசேரத் தேற வேண்டும், தேறாவிட்டால் முழு உழைப்பும் நீக்கப்படும். அந்தப் பொறியில் அவர் விழாமல் தடுப்பது நல்லதே. ஆனால் வரைவைப் பார்ப்பதற்கு ஆள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் வரைவுகள் வாரக்கணக்கில், சில காலங்களில் மாதக்கணக்கில், வரிசையில் காத்துக் கிடந்திருக்கின்றன; ஆறு மாதம் எவரும் தொடாத வரைவுகள் நீக்கப்படவும் செய்கின்றன. ஆள் இல்லாத சிறிய விக்கி இந்த முறையைப் படியெடுத்தால், கதவைச் சாத்திவிட்டு வரிசையில் நிற்கச் சொன்னதாகவே முடியும்.

மற்றபடி, செய்யத் தெரிந்த சிறு வேலையை முதலில் கையில் கொடுப்பது நன்றாகவே பலன் தருகிறது. செக், கொரிய விக்கிப்பீடியாக்களில் தொடங்கி இன்று ஏறத்தாழ எல்லா மொழிகளுக்கும் வந்திருக்கும் புதியவர் முகப்புப் பக்கம் இதைத்தான் செய்கிறது: உள்ளிணைப்பு சேர்த்தல், எழுத்துப் பிழை திருத்தல் போன்ற எளிய பணிகளைப் பரிந்துரைத்து, பெயர் சொல்லி ஒரு வழிகாட்டியையும் அமர்த்தித் தருகிறது. 2012இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் தேநீரகம் என்ற உதவிப் பக்கம் திறக்கப்பட்டது. அங்கு வரும்படி அழைக்கப்பட்ட புதியவர்கள், அழைக்கப்படாதவர்களைவிடக் கூடுதலாக நிலைத்தது பின்னர் ஆய்வில் தெரியவந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடியும் ஒத்தாசைப் பக்கமும் இதற்கு இருக்கின்றன. கேட்பவருக்குக் கொள்கைப் பக்கத்தின் இணைப்பை மட்டும் வீசிவிட்டுப் போகாத ஒருவராவது அங்கே நாள்தோறும் இருந்தால் போதும்.

தமிழ் விக்கிப்பீடியா தன் அனுபவத்தில் கற்ற ஒன்றையும் சொல்ல வேண்டும். 2009, 2010ஆம் ஆண்டுகளில் கூகுள் நிறுவனம், தன் மொழிபெயர்ப்புக் கருவியை மேம்படுத்தும் நோக்கில், ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் ஏற்றியது. கட்டுரைகள் நீளமானவை, ஆனால் நடை சிதைந்திருந்தது, தலைப்புகள் தமிழ் வாசகரின் தேவையை ஒட்டி அமையவில்லை, எழுதியவர்கள் பேச்சுப் பக்கத்துக்கு வருவதில்லை. சமூகம் அவற்றை ஒட்டுமொத்தமாக நீக்கவும் இல்லை, எண்ணிக்கை கூடுகிறதே என்று வாய்மூடி இருக்கவும் இல்லை. நிறுவனத்தோடு உரையாடி, எந்தத் தலைப்புகள், என்ன தரம், எத்தனை கட்டுரைகள் என்று நிபந்தனைகளை முன்வைத்தது. அந்த அனுபவம் 2010இல் போலந்தின் கதான்சுக்கில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் எடுத்துரைக்கப்பட்டது. திரளாக வருவோரைக் கையாள இதுவே முறை என்று கருதுகிறேன். பேச்சுப் பக்கத்தில் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். கட்டுரைப் போட்டிகளுக்கும் இது பொருந்தும்: எண்ணிக்கைக்கு மட்டும் பரிசு கொடுத்தால், போட்டி முடிந்த மறுநாள் போட்டியாளர்கள் மறைவார்கள், குறுங்கட்டுரைகள் மிஞ்சும்.

இப்போது புதிதாக முளைத்திருக்கும் சிக்கல், செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித்தரும் கட்டுரைகள். பார்வைக்கு நடை சீராக இருக்கும், மேற்கோள் பட்டியலும் நிறைந்திருக்கும். திறந்து பார்த்தால் அந்த நூலே இருக்காது, அல்லது நூல் இருக்கும், அந்தத் தகவல் இருக்காது. மனிதர் சரிபார்க்காமல் இப்படி உருவாக்கப்பட்ட பக்கங்களை விவாதமின்றி விரைந்து நீக்கலாம் என்று ஆங்கில விக்கிப்பீடியா 2025 ஆகத்து மாதத்தில் விதி செய்துகொண்டது. இல்லாத நூல்களைச் சான்றாகக் காட்டுவதும், பயனரை நோக்கிச் செயலி சொன்ன வாசகங்கள் கட்டுரைக்குள்ளேயே எஞ்சியிருப்பதும் அதற்கான அடையாளங்கள். பக்கத்தை நீக்குவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இதைச் செய்பவர்களில் பலர், தன் தமிழ் நடை போதாது என்ற கூச்சத்தில் செயலியை நாடியவர்கள். அவர்களிடம் ‘செயலியைப் பயன்படுத்தினீர்களா?’ என்று குற்றம் சாட்டும் தொனியில் கேட்டால் மறுப்புதான் வரும். நான் கேட்பது வேறு: ‘நீங்கள் கொடுத்துள்ள மூன்றாம் மேற்கோள் நூலின் எந்தப் பக்கத்தில் இந்தத் தகவல் உள்ளது? அந்தப் பக்கத்தில் உள்ளதை உங்கள் சொற்களிலேயே இரண்டு வரியில் எழுதித் தாருங்கள், நடையை நான் பார்த்துக்கொள்கிறேன்.’ பதில் வராவிட்டால் அந்தப் பெயரை மறந்துவிடலாம். பிழையும் ஒற்றுக் குறையும் மலிந்த இரண்டு வரிகள் வந்துசேர்ந்தால், கட்டுரையை அந்த இரண்டு வரிகளிலிருந்தே அவரோடு சேர்ந்து மீண்டும் தொடங்கலாம்.